சிவப்புப் பூசிய நாய்கள்

ஜூன் 4, புதன்

இன்று காலை பத்தரை மணிக்கு, தெற்குச் சீமையின் நாய்கள் ஒன்றுக்கும் தெரியாமல், அவற்றின் தலையெழுத்து என் கைக்கு வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறை என்னைக் களப் பார்வையாளராக நியமித்திருக்கிறது. முப்பது வருடம் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, டிக்கெட் எடுக்காதவனை எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸிலிருந்தே மோப்பம் பிடித்த பொன்னுலிங்கத்துக்கு, ஓய்வுக்குப் பிறகு இதைவிடப் பொருத்தமான உத்தியோகத்தை ஆண்டவனே யோசித்திருக்க முடியாது. ஆண்டவன் யோசிக்கவும் இல்லை. என் அக்காள் மகள் வேணி யோசித்தாள். அவள் அந்தத் துறையில் உதவிப் பேராசிரியை, ஆராய்ச்சியே அவளுடையது.

ஆராய்ச்சி இதுதான். பொத்தைக்குளம் என்ற ஊரின் தெருநாய்களில் பத்துக்கு ஏழுக்காவது வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஊசி போட்ட நாய்கள் ஊருக்கு மதில் மாதிரி நிற்கும். வெளியிலிருந்து வெறி வந்தாலும் அந்த மதிலில் முட்டிச் செத்துப்போகும். பிறகு ஒரு வருடம், கடியும் சாவும் குறைகிறதா என்று பார்ப்பார்கள். போன வருடம் அந்த ஊரில் ஒருவன் நாய்க்கடியில் செத்திருக்கிறான். இன்னொருவன் சாகக் கூடாது என்பதுதான் வேணியின் பிடிவாதம்.

"மாமா, ஒரே ஒரு விஷயம்," என்றாள். "அங்க போயி கதை விடக் கூடாது."

"நானா?"

"வீட்டுல என்ன வேணும்னாலும் அளங்க. இது ஆராய்ச்சி."

வீட்டில் அவளை 'ஏட்டி' என்பேன். இன்று வளாகத்தில் 'உத்தரவு மேடம்' என்று சல்யூட் வைத்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

நாய்களுக்கு முன்னால் எங்களுக்கு ஊசி. நாயோடு புழங்குகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டுமாம். நர்ஸ் கொண்டுவந்தது ஊசியா, கிணறு வெட்டும் கடப்பாரையா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. கூட நின்ற லூர்து கண்ணைக்கூட இமைக்கவில்லை. உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். மீனுக்கு வீசிய வலையை இப்போது நாய்க்கு வீச வந்திருக்கிறான்.

இன்னொரு சாதனை. ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று தெரிய அடையாளம் பூச வேண்டும். துறை கொடுத்த பச்சை பெயின்டை எங்கள் தெருச் செவலை நாயின் மேல் பூசிப் பார்த்தேன், எடுபடவில்லை. இரண்டு நாளில் உதிர்ந்தும் போகிறது. பொத்தைக்குளம் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். விலை பேசி முடித்த ஆட்டின் நெற்றியில் வியாபாரி ஒரு சிவப்புச் சாயம் இழுத்துவிடுவான். வெட்டுகிற வரை அது போகாது. அதில் இரண்டு டப்பா வாங்கிவந்துவிட்டேன்.

"ஊர்க்காரங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கல்லா?" என்று வேணி யோசித்தாள்.

"நாயை எவன் மேடம் வெலைக்கு வாங்குவான்?"

அவளுக்கும் அது சரியென்று பட்டது.

ஜூன் 12, வியாழன்

குருக்ஷேத்திரம் இன்று பொத்தைக்குளம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. லூர்து வலை வீச, நான் கழுத்தை அமுக்க, வேணி ஊசி போட, நான் சிவப்பு இழுக்க. முதல் நாய் என் வேட்டியைக் கிழித்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் ஓடியது. நானும் மானத்தை மீட்க அதே தூரம் ஓடினேன்.

பெயரில்லாத குடிமகனை எனக்குப் பிடிக்காது. கறிக்கடை வாசலில் கொழுத்துக் கிடப்பவன் ஜமீன்தார். ஒரு காது கிழிந்து, பஸ் ஸ்டாண்டில் யார் வந்தாலும் தலைநிமிர்ந்து பார்ப்பவன் திவான். ஒரு கால் நொண்டிக்கொண்டு, அதையே நடை அழகாக ஆக்கிக்கொண்டவள் மகாராணி. திவான் ஊசி போட்டபோது முனகவில்லை. முடிந்ததும் என் கையை ஒருமுறை நக்கினான். பேருந்துக் கழகத்தில் முப்பது வருடத்தில் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

சந்தை நாள். சுடலைக்கண்ணுவின் டீக்கடையில் ராஜசபை. ஆட்டு வியாபாரிகள், தரகர்கள், சும்மா இருப்பவர்கள் எல்லோரும் நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் நெருங்கினார்கள். செக்கிங் காலத்துக் கதை இரண்டு சொன்னேன். ஓடும் பஸ்ஸின் கூரையில் நின்று டிக்கெட் கேட்ட கதைக்கு ஒருவனுக்குப் புரையேறிவிட்டது.

டீ ஆற்றிக்கொண்டே சுடலைக்கண்ணு கேட்டான். "அண்ணாச்சி, நாய் நெத்தியில எல்லாம் செவப்பு இழுத்திருக்கிய. வெட்டுக்கா?"

"வெட்டுக்கேதான்!" என்றேன். "பல்கலைக்கழகத்துல ஒரு மெஷினு இருக்கு வே. நாய் கொட்டாவி விட்டாப் போதும், இது எப்ப வெறி ஏறி எவனைக் கடிக்கும்னு சீட்டு அடிச்சுத் தந்துரும். அதுல தேறினதுக்கு மட்டும் செவப்பு."

கடை குலுங்கியது. சின்ன மசாலாதான். சுடலைக்கண்ணு மட்டும் சிரிக்காமல் கிளாசைக் கழுவிக்கொண்டே இருந்தான். போன வருடம் செத்தது அவன் தம்பியாம், அப்போதுதான் தெரிந்தது. அவன் மனைவி பிரமு வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"தண்ணியக் காட்டினா அலறுவாரு அண்ணாச்சி. கட்டிலோட கட்டித்தான் வச்சிருந்தோம். முண்டினதுல கயிறு அறுத்து, மணிக்கட்டுல எலும்பு தெரிஞ்சிது. கட்டினது இவ்வோதான்."

சுடலைக்கண்ணு அவளைப் பார்த்தான். அவள் வடையைத் திருப்பிப் போட்டாள்.

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

எந்தத் தெருவில் நின்றாலும் பத்துக்கு எட்டு நாய் சிவப்பு. வேணி ஜீப்பின் பானட்டைத் தட்டிச் சிரித்தாள். மதில் எழும்பிவிட்டது. கொத்தனார் நான்.

ஜூன் 20, வெள்ளி

சந்தை கூடி வெயில் ஏறுகிற நேரம். வடக்கே கல்குவாரிப் பக்கமிருந்து ஒரு சாம்பல் நிற நாய் வந்தது. எங்கள் குடிமகன் அல்ல. வாயிலிருந்து நூல்நூலாக எச்சில். யாரையும் பார்க்காமல் நேராக ஆட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து ஒரு கிடாயின் மூஞ்சியைக் கவ்வி உதறியது. கிடாயின் உதடு பிய்ந்து தொங்கியது. பிடிக்கப்போன வியாபாரியின் தொடையில் பாய்ந்தது. அவர் தரையில் விழுந்தும் விடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கியது. கம்பு, கல், மண்வெட்டி, யாரோ ஒருவரின் எடைக்கல். நாய் செத்த பிறகும் அடித்தார்கள். மண்டை பிளந்து மூஞ்சி முழுவதும் ரத்தம்.

"ஏலே, பாருங்க! நெத்தியில செவப்பு!"

"அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாவள்லா! செவப்புப் போட்டதுக்கு வெறி ஏறும்னு!"

கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. மடாதிபதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அது சாயம் இல்லை, ரத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெயில் கடுமை, நாக்கு வறண்டிருந்தது.

கடிபட்டவரை வேணி சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். வெளியூர்க்காரர், சொன்னபடி கேட்டார். பிழைத்துக்கொள்வார்.

ஜூன் 21, சனி

ஜமீன்தாரைக் கறிக்கடைக்குப் பின்னால் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் எதிர்த்திசையில் மடங்கியிருந்தன. நெற்றியில் சிவப்பு.

ஜீப்புக்கு டீசல் போட்டேன். ரசீது வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மூன்று நாளாகப் பொத்தைக்குளத்தில் போர். எந்தச் சரித்திரத்திலும் இல்லாத போர்; ஒரு பக்கம்தான் ஆயுதம். இரும்புக் கம்பியும் வேலிக்கட்டையும் எடுத்துக்கொண்டு ஆண்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள். முன்னால் போவது சுடலைக்கண்ணு. கத்தவில்லை, குடித்திருக்கவும் இல்லை. விறகு பிளப்பது போல் வேலை பார்க்கிறான். பள்ளிக்கூடச் சுவரோரம் நாலு நாய் வரிசையாகக் கிடந்தது. ஊசி போட மனிதன் கிட்டே வந்தபோது பழகிப்போனவை, ஓடக்கூட இல்லை.

பஸ் ஸ்டாண்டில் திவானைச் சுற்றினார்கள். நான் ஜீப்புக்குள் இருந்தேன். அவன் வழக்கம்போல் தலையை நிமிர்த்தி யார் என்று பார்த்தான். முதல் அடி முதுகில். முன்னங்காலால் இழுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி வந்தான். என்னைப் பார்த்து வந்தான் என்று சொல்ல மாட்டேன், நிழலுக்கு வந்திருப்பான். சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாம் அடி. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. எனக்கு, வார்த்தை இல்லை!

கண்ணாடியை ஏற்றிவிட்டேன். தூசி.

ஜூன் 24, செவ்வாய்

வேணிக்கு மூளை கொஞ்சம் அதிகம். அது எப்போதும் தொல்லை.

"ஏன் மாமா செவப்பா பாத்து அடிக்காங்க? செவப்பு இல்லாத நாயை ஒருத்தன் தொடல. ஊசி போட்டதுதான் சாகுது. ஊசி போடாதது நிக்கி."

"எனக்கென்ன தெரியும்? நாய்க்குப் போறாத காலம்."

"காலியான எடத்துக்கு வெளிய இருந்து நாய் வரும். அதுல எதுக்கும் ஊசி கெடையாது. மதிலை அவங்களே இடிச்சு, வாசலையும் தொறந்து வைக்காங்க." கண் கலங்கியிருந்தது. "நீங்க அந்த டீக்கடையில போயி எடுத்துச் சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

போனேன். டீ நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல். "ஊரைக் காப்பாத்திட்டிய அண்ணாச்சி," என்று சுடலைக்கண்ணு கும்பிட்டான். அவன் உள்ளங்கை முழுவதும் கொப்புளம்.

திரும்பி வந்து வேணியிடம் சொன்னேன்: "பேசிட்டேன்."

ஜூன் 28, சனி

ஊரில் குரைப்பே இல்லை. இப்படியோர் அமைதியில் என் குறட்டையே எனக்குக் கேட்டுவிடும் போலிருக்கிறது. ஆனால் குவாரிப் பக்கமிருந்து புதிய நாய்கள் ஒவ்வொன்றாக வந்து, ஜமீன்தாரின் இடத்தில் ஒன்று, திவானின் இடத்தில் ஒன்று என்று படுக்கின்றன. நெற்றியில் ஒன்றுமில்லை.

அவற்றைப் பிடிக்க லூர்து வலையை எடுத்ததும் கல் வந்தது. முதல் கல் ஜீப் விளக்கில், இரண்டாவது அவன் மண்டையில். பிளந்த இடத்திலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்க, அவன் வலையை மட்டும் விடாமல் நின்றான்.

"ஊசி போட்டுத்தாம்லே வெறி ஏத்துதானுவ! மெஷினை வச்சு எந்த நாய்க்கு ஏத்தலாம்னு பாத்து ஏத்துதானுவ!"

என் கதைதான். இரண்டு வாரத்தில் என்னைவிட நன்றாக வளர்த்துவிட்டார்கள். அதாவது, என் கதை மாதிரியே இருந்தது என்று சொல்ல வந்தேன்.

லூர்துக்கு ஏழு தையல். "எம் மண்டைக்கும் சேத்து ஒரு செவப்பு இழுத்து விடுங்க மாமோய்," என்றான். வாரத்துக்கு ஒரு தடவை என்னைச் சிரிக்க வைக்கிறவன், இன்று முடியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பிரமுவை நாய் கடித்துவிட்டது.

கடைக்குப் பின்னால் டீத்தூள் சக்கையைக் கொட்டப் போயிருக்கிறாள். திவானின் இடத்துக்கு வந்த புதியது. குனிந்தவளின் கன்னத்தில் கவ்வி, தள்ளப்போன கையையும் கடித்திருக்கிறது. அலறல் கேட்டு ஓடிய சுடலைக்கண்ணு அடுப்புக் கம்பியாலேயே அதைக் குத்திக் கொன்றிருக்கிறான். கன்னத்துக் காயத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அவளைச் சுடலைக்கண்ணு அனுப்ப மாட்டானாம்.

செத்த நாயை வேணி சாக்கில் கட்டி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். சாக்கைப் பிடித்துக் கொடுத்தது நான். கனமே இல்லை.

ஜூலை 2, புதன்

அந்த நாயின் மூளையில் கிருமி இருக்கிறது.

வேணி எனக்கு விளக்கினாள். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். காலில் கடித்தால் தூரம் அதிகம்; கன்னத்தில் கடித்தால் பக்கம். ஏறுவதற்குள் ஊசி போட்டால் பிழைப்பாள். ஏறிவிட்டால் உலகத்தில் மருந்தில்லை, கட்டிலும் கயிறும்தான்.

நர்ஸைக் கூட்டிக்கொண்டு வேணி அவன் வீட்டுக்குப் போனாள். நான் ஜீப்பில் இருந்தேன். சுடலைக்கண்ணு அரிவாளோடு வாசலில் நின்றான். நர்ஸ் கையிலிருந்த மருந்துப்பெட்டி சாக்கடையில் போய் விழுந்தது. அரிவாள் வீசிய வீச்சில் கதவுநிலையில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு வெட்டு. வேணியின் தோளுக்கு ஒரு சாண் பக்கத்தில்.

"ஊசி போட்டு இவளையும் கட்டில்ல கட்டணுமா? எந் தம்பிய நான் கட்டினது போறாதா? போங்க வெளிய!"

வேணி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உள்ள இருந்து அந்த அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'மெஷினு கதைய உங்க மாமாதான் சொன்னாவ. அவ்வோ பொய் சொல்ல மாட்டாவ.' சொன்னீங்களா மாமா?"

"எல்லாரும் சிரிச்சாங்க ஏட்டி."

"சொன்னீங்களா?"

மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

"பொய்யின்னு நான் சொன்னா வெட்ட வாரான். நீங்க சொன்னாத்தான் உண்டு," என்றாள்.

ஜூலை 3, வியாழன்

ஜீப்பைக் கழுவினேன். பிறகு இன்னொரு தடவை கழுவினேன். "துணி தேஞ்சிரப் போவுது," என்றாள் என் மனைவி சொர்ணம். சாய டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரி. இடது கை எழுத்து. வலது கை இரண்டு இடத்தில் முறிந்து மாவுக்கட்டில் இருக்கிறது. இரண்டு விலா எலும்பும் போயிற்று. எழுத்து கோழி கிளறியது போல் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன். லூர்து ஜீப்பை ஓட்டிவந்து சந்தை முனையில் நிறுத்திக்கொண்டான். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றேன். "அண்ணாச்சி கதை சொல்லப் போறாவ!" என்று கூட்டம் சேர்ந்தது. சுடலைக்கண்ணு கடை வாசலில் நின்றான்.

மெஷின் கிடையாது என்றேன். சிரித்தார்கள். சிவப்பு போட்டது நல்ல நாய், கிருமி ஏறாத நாய் என்றேன். இன்னும் சிரித்தார்கள். சந்தையில் செத்த நாயின் நெற்றியில் இருந்தது ரத்தம், சாயம் இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும் என்றேன். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாழ்நாளில் நான் சொன்ன எந்தக் கதைக்கும் இவ்வளவு சிரிப்பு விழுந்ததில்லை.

டப்பாவைத் திறந்து, சாயத்தில் விரலை முக்கி, என் நெற்றியில் இழுத்தேன். மூக்கு வரை வழிந்தது.

சிரிப்பு நின்றது. அந்தச் சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆடு வாங்க வந்த குழந்தைக்கும் தெரியும்.

"எனக்கும் ஊசி போட்டிருக்கு," என்றேன். "அதே வெறிநாய் ஊசி. நாலு வாரம் ஆச்சு. ஊசியில வெறி வரும்னா எனக்கு வந்திருக்கணும். செவப்பு இழுத்ததை எல்லாம் அடிக்கணும்னா, நான் இங்கதான நிக்கேன்."

சுடலைக்கண்ணு வந்தான். கையில் கம்பி.

"அப்பம் அந்த நாயெல்லாம் ஒண்ணும் பண்ணாத நாயா?"

"ஆமா."

"நான் சும்மாவா கொன்னேன்?"

"ஆமா சுடலை."

"அன்னைக்கு எங் கடையில ஒக்காந்து சிரிச்சியே வே."

இதுவரை என்னை அண்ணாச்சி என்று மட்டுமே கூப்பிட்டவன்.

முதல் அடிக்குக் கையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ காய்ந்த மட்டை ஒடிந்தது. அது என் கை. தொட்டிக்குள் விழுந்தேன். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். இருவரையும் எனக்குத் தெரியும், என் கதைக்குப் பெஞ்சில் இடம் போட்டு வைப்பவர்கள். விலாவில் ஒருவன் மிதிக்க, இன்னொருவன் கட்டையால் முதுகில் போட்டான். மண் வாயில் ஏறியது. லூர்து ஓடிவந்து என்மேல் குப்புற விழுந்தான். அவனைப் பிய்த்து எறிந்தார்கள். தையல் விட்டு அவன் ரத்தம் என் மூஞ்சியில் சொட்டியது. திவான் ஏன் நிழலுக்கு வந்தான் என்று அப்போது புரிந்தது. நிழலுக்கு அல்ல.

ஒன்றை மட்டும் விடாமல் சொன்னேன் என்று லூர்து சொல்கிறான். "இன்னிக்கே கூட்டிட்டுப் போ. கன்னம். இன்னிக்கே." ஒவ்வோர் அடிக்கும் ஒருதடவை சொன்னேனாம்.

பிறகு அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சுடலைக்கண்ணுவின் கம்பியின் மறுமுனையைப் பிரமு பிடித்திருந்தாள். கன்னத்தைச் சுற்றித் துணிக்கட்டு. முகத்தின் ஒரு பக்கம் பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது.

"அடிச்சு முடிச்சிட்டியள்லா?" என்றாள் புருஷனிடம். "வண்டி நிக்கி. ஆஸ்பத்திரிக்குப் போணும். ஏறுங்க."

கம்பி கீழே விழுந்தது.

ஜீப்பில் என் தலை பிரமுவின் மடியில் இருந்தது. சுடலைக்கண்ணு எதிரே உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றே காயத்தைக் கழுவி, காயத்தைச் சுற்றியும் மருந்து போட்டு, முதல் ஊசியும் போட்டாயிற்று. இன்று இரண்டாவது. பிந்திவிட்டது, ஆனால் ரொம்பப் பிந்தவில்லை என்கிறாள் வேணி. அவள் குரலை வைத்து எனக்கு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை பேரு அடிச்சானுவ?"

"முந்நூறு பேரு இருப்பாங்க சார்."

"என்னது?"

"குறைச்சுச் சொல்லுதேன். மேற்க இருந்து ஒரு படை, கிழக்க இருந்து ஒரு படை. புழுதி கெளம்பினதுல சூரியனே மறைஞ்சு போச்சு. ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. சில பேரு குதிரையில வந்த மாதிரிகூட இருந்திச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ஓய், பட்டப்பகல்ல டீக்கடை வாசல்ல நடந்திருக்கு. அந்த சுடலைக்கண்ணு பேரு ஊரே சொல்லுது. நீரு சொல்லும், இப்பமே தூக்கி உள்ள வைக்கேன்."

"டீக்கடைக்காரனா? அவன் கும்பலை வெலக்கி விட்டவன் சார்."

அவர் நம்பவில்லை. ஆனால் அடிபட்டவன் வாக்குமூலத்தை மாற்றி எழுத அவருக்கு வழியில்லை. அடுத்த கட்டிலில் இருந்த லூர்தைப் பார்த்தார். லூர்து மண்டைக் கட்டைத் தடவிக்கொண்டு, "அடி வாங்கினதுல ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்," என்றான்.

அவர் போனதும் வேணி வெடித்தாள். "உங்களைக் கொல்லப் பாத்திருக்கான். இன்னும் எதுக்கு மாமா கதை விடுதிய?"

"அவன் உள்ள போயிட்டான்னா அவளை ஊசிக்கு யாரு கூட்டிட்டு வருவா? ரெண்டு பஸ் மாறி வரணும். அந்தத் தெருவுல வேற எவன் ஊசிக்குக் கூட்டிட்டு வருவான்?"

வேணி என் தலையணையைச் சரிசெய்தாள். தேவைக்கு மேல் ஓங்கித் தட்டித்தான் சரிசெய்தாள்.

லூர்து கூரையைப் பார்த்துச் சொன்னான்: "அந்த அக்காவுக்குக் கடைசி ஊசி முடியட்டும். அப்புறம் எனக்கு ஞாபகம் வரும் மாமோய்."

ஜூலை 11, வெள்ளி

பிரமு மூன்றாவது ஊசிக்கு வந்தாள். பல்கலைக்கழக நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். வார்டே அந்த டம்ளரைப் பார்த்தது. பிரமு ஒரே மூச்சில் குடித்து இன்னொரு டம்ளர் கேட்டாள். சுடலைக்கண்ணு கதவுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

ஜூலை 19, சனி

வீடு. சொர்ணம் ஊட்டிவிட்டாள். பசியில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நானும் லூர்தும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பிரமுவுக்குக் கடைசி ஊசியும் போட்டாயிற்று. இன்னும் இரண்டு மூன்று மாதம் கவனிக்க வேண்டும், ஆனால் இனிப் பயப்பட வேண்டாம் என்று பெரிய டாக்டரே பிரமுவிடம் சொன்னார். அவள் கன்னத்தில் பல் பதிந்த தழும்பு நிலைத்துவிட்டது.

சுடலைக்கண்ணு முதல்முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தூக்குவாளியில் டீ கொண்டுவந்திருந்தான். எனக்கு ஊற்றினான், லூர்துக்கும் ஊற்றினான்.

"ஊசி முடிஞ்சிட்டு. ஸ்டேஷனுக்குப் போயி நான்தான் அடிச்சேன்னு சொல்லிருதேன் அண்ணாச்சி."

"வரிசையில நில்லு வே. ஒனக்கு முன்னால எரநூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு நிக்கான்."

அவன் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பில்லை என்று கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. "எனக்கு ஞாபகம் வந்துட்டு," என்று லூர்து வாயைத் திறந்தான். பிறகு அவனைப் பார்த்துவிட்டு, "இஞ்சி கொறைச்சல்னு சொல்ல வந்தேன்," என்றான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து. பொத்தைக்குளத்துக்கு இந்த முறை சாயம் கிடையாது. கழுத்தில் பச்சைப் பட்டை. வேணியே தேர்ந்தெடுத்தாள். வலையின் ஒரு முனையை லூர்தும் மறுமுனையைச் சுடலைக்கண்ணுவும் பிடித்தார்கள். எனக்கு ஒரு கைதான் ஆகும் என்பதால் பட்டை கொடுக்கும் வேலை. பழைய நாய்களில் மகாராணி ஒருத்திதான் மிச்சம். எங்கே ஒளிந்திருந்தாளோ, நெற்றிச் சிவப்பு மங்கி இருந்தது. என் கை கிட்டே போனதும் பல்லைக் காட்டி உறுமினாள். சரிதான் என்று கையை எடுத்துக்கொண்டேன். பட்டையைப் பிரமு கட்டினாள்.

டீக்கடைப் பெஞ்சில் ஒரு வெளியூர் ஆட்டு வியாபாரி கேட்டார்: "என்ன அண்ணாச்சி, நாய்க்கெல்லாம் பச்சைப் பட்டை?"

சுடலைக்கண்ணு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"ஊசி போட்ட நாய்," என்றேன். "எந்த நாய் கடிச்சாலும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவருக்கு அது சப்பென்று இருந்தது, முகத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.